பதிவேடும் பரீட்சையும்: சென்னைப் பள்ளியொன்றின் ஊடகக் கல்வி மாணவர்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு பன்னாட்டுப் பள்ளி. பதினோராம் வகுப்பில் ஐந்து பேர் ஊடகக் கல்வியை விருப்பப் பாடமாக எடுத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், ஏ.எஸ். நிலை, அதாவது ஏ லெவல் படிப்பின் முதல் பாதி. முதல் மாதிரித் தேர்வில் ஐவருமே சுமார். செய்முறைப் படைப்போ பாதியில் நின்றிருந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பல ஆண்டுகள் படத்தொகுப்பு செய்தவன் என்பதால், வாரக் கடைசிகளில் வந்து உதவும்படி பள்ளி என்னை அழைத்தது.

மாணவர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் குடியிருக்கும் பகுதிகளால் குறிப்பிடுகிறேன். கோட்டூர்புரம், ஆதம்பாக்கம் மாணவியர் இருவரும் பெரம்பூர், திருவான்மியூர் மாணவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா நகர் மாணவி தனியாக ஓர் இதழை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். (பெரம்பூரிலிருந்து தினமும் இவ்வளவு தூரம் ஒரு பிள்ளையை எதற்காக அனுப்புகிறார்கள் என்பது வேறு ஆய்வுக்கு உரியது.) இவர்களுக்கு ஆசிரியை ஒருவர்தான். ஆங்கில இலக்கியம் படித்தவர். இருக்கிற பாடவேளைகள் போதாதென்று ஊடகக் கல்வியும் அவர் தலையில் விழுந்திருந்தது. நகரத்தில் இந்தப் பாடம் நடக்கும் இடங்களில் பெரும்பாலும் இதுதான் கதை.

பாடத்தின் அமைப்பு தெரிந்தால்தான் இனிச் சொல்வது புரியும். ஏ.எஸ். மதிப்பெண்ணில் பாதி செய்முறைத் தொகுப்புக்கு, பாதி 2 மணி நேரத் தேர்வுக்கு. செய்முறையில் இரண்டு வழிகள் உண்டு. புதிய கதைப்படம் ஒன்றின் தொடக்கத்தைத் தலைப்புகளோடு எடுக்கலாம். 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, நான்கு பேர் வரை சேர்ந்து செய்யலாம். அல்லது புதிய இதழ் ஒன்றின் முகப்பு அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையும் இரு பக்கம் விரியும் கட்டுரை ஒன்றையும் செய்யலாம். எதை எடுத்தாலும் ஆய்வும் திட்டமிடலும் எப்படி நடந்தன என்று காட்டும் பதிவேடு வேண்டும். கடைசியில் தன் படைப்பைப் பற்றி நான்கு கேள்விகளுக்கு மாணவரே பதில் சொல்ல வேண்டும். அந்த வகைப் படைப்பின் மரபுகளை எப்படிக் கையாண்டாய், சமூகக் குழுக்களை எப்படிச் சித்திரித்தாய்? பார்வையாளரை எப்படி ஈர்க்கிறாய், எப்படி விநியோகிப்பாய்? உன் திறன்கள் எப்படி வளர்ந்தன? தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தினாய்? இதற்கெல்லாம் பள்ளியே மதிப்பெண் போடும். அதை வெளியார் சரிபார்ப்பார்கள்.

தேர்வின் முதல் பகுதியில் மாணவர்கள் முன்பின் பார்த்திராத தொலைக்காட்சி நாடகத் துண்டு ஒன்றைத் திரையிடுவார்கள். கேமரா, படத்தொகுப்பு, ஒலி, காட்சியமைப்பு (இடம், உடை, ஒளி, பொருள்கள்) ஆகிய நான்கும் சேர்ந்து பொருளை எப்படி உருவாக்குகின்றன என்று எழுத வேண்டும். அடுத்த பகுதி ஊடகத் தொழிலையும் பார்வையாளரையும் பற்றிய கட்டுரை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு 835 என்ற எண்ணில் இருக்கும் வெகுசன ஊடகக் கல்வியின் அமைப்பு வேறு. ஆனால் விடைத்தாளில் நான் கண்ட கோளாறை அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன்.

விடைத்தாள் காட்டியது

ஐந்து விடைத்தாள்களையும் மேசையில் பரப்பி வைத்தபோது முதலில் கண்ணில் பட்டது கலைச்சொற்களின் செழிப்பு. அதில் யாருக்கும் பஞ்சமே இல்லை. கோட்டூர்புரத்து மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது: “இக்காட்சியில் குளோஸ் அப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இது பாத்திரத்தின் உணர்ச்சியைக் காட்டுகிறது. லோ ஆங்கிள் பயன்படுத்தப்பட்டுள்ளது. இது அதிகாரத்தைக் காட்டுகிறது. மங்கலான ஒளி பயன்படுத்தப்பட்டுள்ளது. இது மர்மத்தைக் காட்டுகிறது.”

உலகத்தில் எந்தக் காட்சிக்கும் இந்தப் பத்தி பொருந்தும். எந்தப் பாத்திரம், என்ன உணர்ச்சி, யார்மீது அதிகாரம் என்று கேட்டால் பதில் இல்லை. எடுத்துக்காட்டுக்கும் கலைச்சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு என்றாலும், அவற்றை வைத்துக் கட்டும் விளக்கத்தில்தான் விடை நிற்கிறது. அது ஐந்து தாள்களிலும் இல்லை.

பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கையில் அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. இடப்பக்கம் உத்தி, வலப்பக்கம் அதன் ‘விளைவு’. லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், ஹை ஆங்கிள் என்றால் பலவீனம், சிவப்பு என்றால் அபாயம். இதைப் புரட்டிப் புரட்டி நெட்டுரு போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரை சமச்சீரிலோ சி.பி.எஸ்.இ.யிலோ படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது பழகிய பாதைதான்.

அந்தப் பட்டியலில் எனக்குத் தனிக் கோபம் உண்டு. லோ ஆங்கிள் ஏன் வைக்கிறார்கள், ஏன் வைப்பதில்லை என்பது படப்பிடிப்புத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். செட்டுக்கு மேற்கூரை இருக்காது. கேமராவைத் தாழ்த்தி மேலே பார்க்க வைத்தால் தொங்கும் விளக்குகள் தெரிந்துவிடும். அதனாலேயே பல காட்சிகள் கண் மட்டத்தில் எடுக்கப்படுகின்றன. தரையில் உட்கார்ந்து அழும் குழந்தையின் பார்வையிலிருந்து எடுத்தால் அதுவும் லோ ஆங்கிள்தான். அங்கே அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்சிதான் சொல்ல வேண்டும்.

கட்டத்தைத் திருப்பிப் போட்டது

துண்டுப்படம் ஓடும்போது குறிப்பெடுக்க மாணவர்கள் தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். கேமராவுக்கு ஒன்று, தொகுப்புக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, காட்சியமைப்புக்கு ஒன்று. எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் முறைதான். குறிப்பு நன்றாகவே சேர்கிறது. பிறகு அதை அப்படியே விடையாக எழுதிவிடுகிறார்கள். முதல் பத்தி முழுக்கக் கேமரா, இரண்டாவது முழுக்கத் தொகுப்பு. ஒரே நொடியில் கேமரா நெருங்கி, இசை அடங்கி, விளக்கு அணைந்திருக்கும். விடையில் அந்த மூன்றும் மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கும்.

எனவே கட்டத்தைத் திருப்பினோம். இடது ஓரத்தில் உத்திகளுக்குப் பதிலாகத் தருணங்கள்: அவள் கதவைத் திறக்கிறாள், கடிதத்தைப் பார்க்கிறாள், அவன் பின்னால் வந்து நிற்கிறான். ஐந்தாறு தருணங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு உத்திகளுக்கும் இடம். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. முதல் திரையிடலில் பேனாவைத் தொடவே கூடாது. அது முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: தொடக்கத்தில் யார் கை ஓங்கியிருந்தது, முடிவில் யார் கை ஓங்கியிருக்கிறது? அந்த மாற்றம் எந்தத் தருணத்தில் நடந்ததோ அங்கிருந்து எழுதத் தொடங்கச் சொன்னேன்.

திருவான்மியூர்ப் பையனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. கோட்டூர்புரம் எதிர்த்தாள். “சார், நான்கு தலைப்பும் தனித்தனியாக இருந்தால்தானே திருத்துகிறவருக்கு எளிது?” நியாயமான பயம்தான். வினாவில் கேட்ட நான்கையும் தொட்டாக வேண்டும். அதனால் எழுதி முடித்தபின் விடையின் ஓரத்தில் நான்கு உத்திகளின் முதல் எழுத்துகளைக் குறித்து, எது விடுபட்டது என்று பார்க்கும் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டோம். பெரும்பாலும் விடுபட்டது தொகுப்புதான். வெட்டு நன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதுவே எங்கள் தொழிலின் பெருமை, தேர்வு எழுதுகிறவர்களின் தலைவலி.

பாட்டியோடு பார்த்த தொடர்

அடுத்த பயிற்சிக்கு ஆங்கிலத் துண்டு எதையும் எடுக்கவில்லை. வீட்டில் இரவு ஓடும் தமிழ்த் தொடரில் ஒரு காட்சியை முதலில் ஒலி இல்லாமலும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டும், அதன்பின் முழுதாகவும் பார்த்து வரச் சொன்னேன். ஐந்து பேரும் முகம் சுளித்தார்கள். தமிழ்த் தொடர் பார்ப்பதாக ஒப்புக்கொள்வதே அவர்கள் வட்டத்தில் மானக்கேடு போலிருக்கிறது.

ஆதம்பாக்கம் மாணவி தன் பாட்டியோடு பார்த்துவிட்டு எழுதி வந்த பத்தி இந்த ஆய்வின் திருப்புமுனை. அவள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: “மாமியார் கூடத்தின் நடுவே, ஊஞ்சலில், பட்டுப்புடவையில் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி இடம் தாராளமாக இருக்கிறது. மருமகள் சமையலறை நிலைவாசலுக்குள் நிற்கிறாள். இரு பக்கமும் சட்டம் அவளை நெருக்குகிறது. அவள் கையில் இருக்கும் காபி டம்ளரைக் கேமரா தனியாகக் காட்டுகிறது. அவள் பேசத் தொடங்கியதும் ஊஞ்சலின் கிறீச்சொலி நிற்கிறது. மாமியார் ஊஞ்சலை நிறுத்திவிட்டார் என்பது நமக்குப் படத்தில் தெரிவதற்கு முன்பே காதில் தெரிகிறது.”

‘இது அதிகாரத்தைக் காட்டுகிறது’ என்ற வாக்கியம் இதில் இல்லை. தேவையும் இல்லை. இதே பத்தியில் கலைச்சொற்களை இடம் பார்த்துப் பொருத்துவதற்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பாட்டி இன்னொரு வகையிலும் உதவினார். வில்லியைத் திட்டிக்கொண்டே அவள் போட்டிருந்த நெக்லஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்தின்படி பார்வையாளர் ஒரு செய்தியை அப்படியே ஏற்கலாம், எதிர்க்கலாம், அல்லது ஓரளவு ஏற்று ஓரளவு தள்ளலாம். இதை வகுப்பில் விளக்கியபோது எழுதிக்கொண்டார்களே தவிர யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. நெக்லஸ் விவகாரத்துக்குப் பிறகு மூன்றாவது வகைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தேர்வில் தமிழ்த் தொடர் வராதே என்று கோட்டூர்புரத்து மாணவியின் தாயார் கேட்டார். உண்மைதான், வராது. ஆனால் சித்திரிப்பைப் படிப்பதற்கு அந்தச் சமூகத்தின் குறிகள் தெரிய வேண்டும். வாசலில் கோலம் இருக்கிறதா, வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறார்களா, குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார்களா என்று பார்த்தவுடனே சென்னைப் பிள்ளை அந்தக் குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடும். பிரிட்டிஷ் நாடகத்தில் ஒரே மாதிரி ஒட்டிக்கட்டிய செங்கல் வீடுகளைப் பார்த்ததும் இவர்கள் ‘பணக்கார வீடு’ என்று எழுதினார்கள், ஆங்கிலேயரின் வீடு என்பதால். முதலில் தெரிந்த மண்ணில் படிக்கப் பழகிவிட்டால், தெரியாத மண்ணில் எதைத் தேட வேண்டும் என்பதாவது புரியும். பிறகு பிரிட்டிஷ் குறிகளைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம்: வீட்டு வகைகள், பள்ளிச் சீருடை, வட்டாரப் பேச்சு, தேநீர்க் கோப்பை முதற்கொண்டு.

ஓர் எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருந்தது. நம் தொடர்களில் அதிர்ச்சிச் செய்தி வந்தால் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் வரிசையாக, சில சமயம் ஒரே முகத்தை மூன்று முறை, ஆர்.ஆர். (பின்னணி இசை) முழங்கக் காட்டுவோம். நானே ஆயிரம் முறை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதையே எல்லா நாடகத்தின் இலக்கணமாக எண்ணிவிடக் கூடாது. பாத்திரம் பார்க்கும் திசையோடு அடுத்த காட்சி பொருந்த, வெட்டே தெரியாமல் நகரும் தொகுப்புதான் தேர்வுத் துண்டுகளில் அதிகம்.

சாலிகிராமத்து அண்ணன்

நால்வரின் படம் ஒரு திகில் படத்தின் தொடக்கம். முதல் திரைக்கதையில் கறுப்பு ஹூடி அணிந்த முகமற்ற ஒருவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறான். ஊடகக் கல்வி மாணவர்கள் உலகம் முழுக்க எடுக்கும் படம் இது. சென்னை வெயிலில் ஹூடி போட்டுக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் பின்தொடரப்படும் பெண் பயப்பட மாட்டாள், தண்ணீர் கொடுப்பாள். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு மாற்றிக்கொண்டார்கள். புதிய கதையில் ஒரு மாணவி இரவு டியூஷன் முடிந்து பறக்கும் ரயில் பாலத்தின் அடியில் நடந்து வருகிறாள். அவள் தொலைபேசிக்கு அவளுடைய எண்ணிலிருந்தே அழைப்பு வருகிறது. நிலையத்துக்குள் எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும் என்பதால் பாலத்துக்கு வெளியே, பொதுச் சாலையில், பெற்றோர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு எடுத்தார்கள்.

படப்பிடிப்பு வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வந்து விழுந்தது. ஒரு நாள் எடுத்ததில் சாலை நனைந்து விளக்கொளி பளபளத்தது. அடுத்த முறை போனபோது காய்ந்து கிடந்தது. இரண்டையும் ஒட்டினால் அவள் ஒரே அடியில் மழைக்காலத்திலிருந்து கோடைக்குத் தாவிவிடுவாள். பக்கத்து டீக்கடையில் வாளி கேட்டு வாங்கித் தண்ணீரை ஊற்றி எடுத்தார்கள். பதிவேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால், “இது தப்பு நடந்ததுதானே சார், இதை எதற்கு எழுத வேண்டும்?” என்றார்கள்.

பதிவேடு பற்றிய அடிப்படைச் சிக்கல் இந்தப் பதிலில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, எல்லாம் முதலிலிருந்தே திட்டமிட்டபடி நடந்ததுபோல ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதுவதற்குத்தான் அது என்று நினைத்திருந்தார்கள். முதல் பருவத்துப் பதிவுகள் அனைத்தும் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் எழுதப்பட்டிருந்தன. சரிபார்ப்பவர் என்ன, படிக்கிற யாருக்குமே அது தெரியும். வாளித் தண்ணீர்தான் நல்ல பதிவு என்று சொன்னேன். நனைந்த சாலை, காய்ந்த சாலை, ஊற்றிய சாலை மூன்றின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொடர்ச்சி ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்தோம் என்று நான்கு வரி எழுதினால் மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில் ஆகிவிடும். அன்றிலிருந்து வாரம் ஒரு சிறு பதிவு. கைவிட்ட யோசனைகளும் அதில் வர வேண்டும்.

ஒலியில் பெரம்பூர்ப் பையன் தனி ஆள். முதல் வெட்டில், அதாவது தொகுத்த முதல் வடிவத்தில், ஒரு பிரபலத் திரைப்படத்தின் பின்னணி இசையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். படமும் ஒலியும் மாணவர்களே உருவாக்கியதாக இருக்க வேண்டும். காப்புரிமைத் தடையில்லாத இசைக்கும் ஒலி விளைவுக்கும் மட்டுமே விலக்கு. விதியைக் காட்டியதும் முகம் தொங்கிவிட்டது. அடுத்த வாரம் தொலைபேசியில் பதிந்த ஒலித் துண்டுகளோடு வந்தான். வீட்டருகே நடைமேம்பாலத்தில் நின்று எடுத்த ரயில் சத்தம், தண்டவாளம் மாறும்போது வரும் தடதடப்பு, தூரத்தில் அறிவிப்பு. குரலைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே போர்வையைப் போர்த்திக்கொண்டு பதிந்திருந்தான். பாலத்துக்கு மேலே ரயில் போகும்போது கீழே தொலைபேசி ஒலிப்பது கேட்காமல் போய், ரயில் கடந்ததும் திடீரென்று கேட்கும்படி வைத்தான். இரண்டு நிமிடப் படத்தில் உண்மையாகவே பயமூட்டிய இடம் அது ஒன்றுதான்.

இந்த நிலையில் திருவான்மியூர் மாணவனின் தந்தை பேசினார். “சார், என் அண்ணன் மகன் சாலிகிராமத்தில் எடிட் சூட்டில் இருக்கிறான். ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்துவிடுவான். இவன் கெமிஸ்ட்ரியைப் பார்க்கட்டும்.” நான் பதில் சொல்வதற்குள் வேலையே முடிந்திருந்தது. படம் பென் டிரைவில் வந்து இறங்கியது. கலர் கிரேடிங் செய்து நீலமும் ஆரஞ்சுமாக மின்னியது. தொடக்கத்தில் நகரத்தின் மேலே பறக்கும் ட்ரோன் காட்சி வேறு. அதை எங்கோ இணையத்தில் வாங்கியிருந்தார்கள்.

ஆசிரியை திணறிப்போனார். படம் பார்க்க நன்றாக இருக்கிறது, பெற்றோர் மரியாதையாகப் பேசுகிறார், மற்ற மூன்று பிள்ளைகளும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இது மாணவர்களின் சொந்த வேலைதான் என்று பள்ளிதான் உறுதி சொல்ல வேண்டும். மாணவனை மட்டும் அழைத்து, அவள் தொலைபேசியை எடுக்கும் இடத்தில் முகத்துக்கு வெட்டாமல் ஏன் கைக்கு வெட்டினாய் என்று கேட்டேன். “அண்ணன் வைத்தார்” என்றான். அடுத்த வெட்டு? “அதுவும் அண்ணன்தான்.” மூன்றாவது கேள்வியைக் கேட்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. திறன் எப்படி வளர்ந்தது என்ற கேள்விக்கு எழுத அவனிடம் எதுவும் இல்லை. வளர்ந்தது அண்ணனின் பில் மட்டும்தான்.

அந்த வெட்டை ஏற்க முடியாது என்று ஆசிரியை முடிவெடுத்தார். தந்தைக்கு வருத்தம். “உதவிதானே செய்தான், திருடவா செய்தான்?” என்றார். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் தொழில் கற்றதே இப்படித்தான். உதவியாளராகப் போய், பெரியவர் வெட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகியது. பார்ப்பதற்கும் பார்த்தபின் தானே செய்வதற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல என்னைவிடச் சரியான ஆள் அந்த அண்ணன்தான் என்று தோன்றியது. தொலைபேசியில் பேசினேன். விவரம் தெரிந்ததும் அவரே சங்கடப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து, தன்னுடைய பழைய காட்சித் துண்டுகளை வைத்து, ஒலி முன்னே வந்து படம் பின்னே வரும் ஜே-கட் எப்படி வேலை செய்கிறது என்று நால்வருக்கும் செய்துகாட்டினார். பிள்ளைகளின் கோப்பைத் தொடவில்லை. யார் கற்றுக்கொடுத்தார், எதில் கற்றுக்கொடுத்தார் என்பது பதிவேட்டில் ஏறியது.

பிள்ளைகளின் புதிய வெட்டு அண்ணனின் வெட்டைவிடச் சாதாரணமானது. ஓரிரு இடத்தில் நிறம் பொருந்தவில்லை. தலைப்புகள் சற்றே அவசரமாக ஓடுகின்றன. ஆனால் தொலைபேசி எடுக்கும் இடத்தில் கைக்கும் முகத்துக்கும் வெட்டாமல், அவள் முதுகுப் பக்கம் சாலையைக் காட்டியிருந்தார்கள். ஏன் என்று நால்வரில் யாரைக் கேட்டாலும் பதில் இருந்தது.

யார் வாங்குவார்கள்?

விநியோகம் பற்றிய கேள்விக்கு நால்வரும் ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தார்கள்: நெட்ஃபிளிக்ஸ். கட்டுரைப் பகுதிக்கோ ஹாலிவுட் பெருநிறுவனங்களைப் பற்றி இணையத்தில் கிடைத்த குறிப்புகளைப் படித்து வைத்திருந்தார்கள். வாங்கியவர் யார், விற்றவர் யார், நட்டம் வந்தால் யார் தலையில் என்று எதிர்க்கேள்வி கேட்டால் அந்தக் குறிப்புகள் அங்கேயே நின்றுவிடும்.

ஊரில் நடப்பதிலிருந்து தொடங்கினோம். தமிழகத்தில் படம் ஏரியா ஏரியாவாக விற்கப்படுகிறது: சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, நெல்லை–குமரி என்று. மினிமம் கேரண்டி என்றால் வாங்கியவர் கொடுத்த தொகை திரும்பாது; அட்வான்ஸ் என்றால் வசூலாகாத பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; டிஸ்ட்ரிபியூஷன் அடிப்படை என்றால் விநியோகஸ்தருக்குக் கமிஷன் மட்டும், நட்டம் தயாரிப்பாளருக்கு. படப்பெட்டி சுமந்த காலம் போய், சென்னையில் வளர்ந்த கியூப் போன்ற நிறுவனங்களின் வழியாகத் திரையரங்குக்கு டிஜிட்டலாகப் படம் போகிறது.

பிறகு ஒரே நூலில் மூன்று நிகழ்வுகளைக் கோத்தோம். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாகக் காட்டத் திட்டமிட்டபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் நடக்கவில்லை. 2020 மே 29 அன்று, ஊரடங்கில் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது, ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அப்போதும் எதிர்ப்பு வந்தது. ஆனால் தடுக்க முடியவில்லை. 2021 ஜனவரி 13 அன்று ‘மாஸ்டர்’ பாதி இருக்கைகளோடு திரையரங்குகளில் வெளியாகி, அதே மாதம் 29ஆம் தேதி பிரைமுக்கு வந்துவிட்டது. முதலில் திரையரங்கு, வெகுநாள் கழித்து வீடு என்ற இடைவெளி எட்டு ஆண்டுகளில் எப்படிச் சுருங்கியது, யார் பேரம் பேசும் வலுவை இழந்தார், யார் பெற்றார் என்று கேட்டுக்கொண்டே போனால் கட்டுரை தானாக எழுந்து நிற்கிறது. பெரம்பூர்ப் பையன் மாஸ்டரைத் தியேட்டரில் பார்த்தவன். பாதி காலியாக இருந்த அரங்கில் விசில் சத்தம் எப்படி எதிரொலித்தது என்று ஒரு வரி எழுதியிருந்தான். பார்வையாளர் அனுபவத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை எந்தக் குறிப்பேட்டிலும் வாங்க முடியாது.

கேரம் இதழ்

அண்ணா நகர் மாணவி தேர்ந்தெடுத்தது கேரம் ஆட்டத்துக்கான இதழ். நல்ல தேர்வு. வியாசர்பாடியிலிருந்து உலக வெற்றிக்குப் போன இளவழகி முதல் 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வரை வடசென்னைக்கும் கேரத்துக்கும் நெடிய உறவு இருக்கிறது. ஆனால் முதல் அட்டையில் இணையத்திலிருந்து எடுத்த படம். இரண்டாவது முயற்சியில் படம் சொந்தம், நிறமோ கறுப்பும் கருஞ்சிவப்பும். வடசென்னை என்றதும் திரைப்படங்கள் பூசிக் காட்டும் அதே அழுக்கும் இருட்டும்.

அவளை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பினோம். 1896இல் திறந்த அந்த நூலகத்துக்கு நாட்டில் வெளியாகும் நூல்களும் பருவ இதழ்களும் வந்து சேர்கின்றன. பழைய தமிழ் விளையாட்டு இதழ்களின் அட்டைகளைப் பார்த்து, தலைப்பு எங்கே நிற்கிறது, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வந்தாள். அதன்பின் ஒரு கேரம் மன்றத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஒரு சிறுமி ஸ்ட்ரைக்கரைச் சுண்டப் போகிறாள். நகக்கண்ணில் போரிக் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பின்னால் வரிசையாகக் கோப்பைகள். முந்தைய இருட்டு அட்டையைத் தூக்கி எறியாமல் பதிவேட்டில் வைத்து, ஏன் மாற்றினேன் என்று எழுதினாள். சித்திரிப்பு பற்றிய முதல் கேள்விக்கு ஐந்து பேரில் மிக நல்ல பதில் அவளுடையது.

நடந்ததும் நடக்காததும்

இரண்டாவது மாதிரித் தேர்வில் முதல் பகுதி ஐவருக்குமே தேறியிருந்தது. கோட்டூர்புரத்துக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நன்றாகவே. செய்முறையில் பள்ளி போட்ட மதிப்பெண் வெளிச் சரிபார்ப்பில் மாறவில்லை. திருவான்மியூர் தந்தை எதிர்பார்த்த உச்ச மதிப்பெண் வரவில்லை. அண்ணனின் வெட்டையே அனுப்பியிருந்தால் வந்திருக்கும் என்று அவர் இன்னமும் நம்புகிறார். அச்சடித்த பட்டியலை ஆசிரியை இப்போதும் கொடுக்கிறார், வலப்பக்கத்தைக் காலியாக விட்டு.

கட்டுரைப் பகுதிதான் இறுதிவரை இழுத்தது. சரக்கு இருந்தும் பெரம்பூர்ப் பையனுக்குக் கடைசி வரை நேரம் போதவில்லை. காட்சிப் பகுதியில் எழுத நிறைய கிடைத்துவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டான். திரையிடல் தேர்வின் தொடக்கத்திலேயே நடந்துவிடுவதால், கட்டுரையை முதலில் எழுதச் சொல்ல முடியாது; பார்த்த காட்சி மறந்துபோகும். அடுத்த அணிக்குப் பதிவேட்டை ஜூலையிலேயே தொடங்கிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதோடு, மாதிரித் தேர்வில் பாதி நேரம் ஆனதும் மணி அடித்து, எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தோடு முதல் பகுதியை மூடவைக்கப் போகிறோம், எத்தனை தருணங்கள் மிச்சமிருந்தாலும்.